பத்தாண்டு அகராதி

பள்ளி ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மர்ரே என்ற ஸ்காத்லாந்துக்காரரோடு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் 1879ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செய்துகொண்ட ஒப்பந்தம், எடுத்த காரியத்துக்கு எல்லை வகுப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிய விரும்புவோர் படிக்கவேண்டிய ஒன்று. 1150ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கிவந்த சொற்களையெல்லாம் அவற்றின் சரித்திரத்தோடும், நூல்களிலிருந்து எடுத்த உதாரண வாக்கியங்களோடும் தொகுத்து, நான்கு தொகுதிகளாகச் சுமார் 6,400 பக்கங்களில், ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் முடித்துவிடுவது என்பது ஏற்பாடு. ஐந்து வருஷங்கள் சென்று, 1884இல் முதற்பகுதி 352 பக்கங்களோடு வெளிவந்தபோது, எறும்பைக் குறிக்கும் 'ஆண்ட்' என்ற சொல்வரைதான் வந்திருந்தார்கள்.

இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல இடமே இல்லை. வீட்டுத் தோட்டத்தில் போட்ட இரும்புத் தகரக் கொட்டகையில், பல தேசங்களிலிருந்து தொண்டர்கள் எழுதி அனுப்பிய லட்சக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவே, மர்ரே அசுர உழைப்பு உழைத்தார். எத்தனை பக்கம், எத்தனை வருஷம் என்பவற்றை நிர்ணயித்தவர்களுக்கு, 'எல்லாச் சொற்களும்' என்ற அந்தச் சிறு தொடரில் எவை அடங்கமாட்டா என்பதை முன்கூட்டி அறுதியிட முடியவில்லை என்பதே உண்மை. இன்று காரியாலயங்களில் 'ஸ்கோப்' என்று வழங்கும் விஷயத்தின் உயிர்நிலை இதுதான். செய்யப்போவதைச் சொல்லுவது எளிது. அதை யாரும் உற்சாகமாகவே சொல்லிவிடுவார்கள். செய்யப்போவதில்லை என்று எவற்றை ஒதுக்குகிறோமோ, அவற்றை எழுதிவைத்துச் சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்குவதில்தான் சங்கடம் இருக்கிறது.

மர்ரே இதை அறியாதவர் அல்லர். அகராதியின் முகவுரையில் அவர் ஒரு படமே போட்டுக் காட்டினார்: நடுவில் எல்லாரும் அறிந்த பொதுச்சொற்கள், அங்கிருந்து ஒரு திசையில் சாஸ்திரச் சொற்கள், மற்றொன்றில் தொழிற்சொற்கள், இன்னும் கொச்சை, வட்டார வழக்கு, அந்நியச் சொற்கள் என்று ஓடும் கிளைகள். மையம் தெளிவாகத் தெரிகிறது, விளிம்புதான் தென்படுவதில்லை. இயற்கை கோடு போடாத இடத்தில் அகராதிக்காரன் கோடு போட்டே தீரவேண்டும் என்பது அவருடைய கட்சி. போட்ட கோடுகள் சில சமயம் விபரீதமாகவும் போயின. 'அமெரிக்கன்' என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தவர் 'ஆப்பிரிக்கன்' என்பதற்குக் கொடுக்கவில்லை. இடப்பெயர்களிலிருந்து பிறக்கும் பெயரடைகளுக்குக் கதவைத் திறந்தால் முடிவே இராது என்ற நினைப்பு. குடல்வால் அழற்சியைக் குறிக்கும் 'அப்பெண்டிசைட்டிஸ்', வைத்தியர்களின் பரிபாஷை என்று விடப்பட்டது. 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா அதே நோயால் தள்ளிப்போயிற்று. அப்போது தேசம் முழுவதும் உச்சரித்த அந்தச் சொல்லை அகராதியில் தேடியவர்கள் ஏமாந்தார்கள். இந்தப் பிழைகளைக் கண்டு நகைப்பது நியாயமன்று. கோடு போடத் துணிந்தவனே கோட்டைத் தவறான இடத்தில் போடவும் கூடும்.

எல்லை மீறுதல் ஒரே நாளில் நிகழும் காரியம் அன்று. வீடு கட்டுகிறவர், கொத்தனார் இருக்கும்போதே ஒரு திண்ணை, சாமான் மிஞ்சியிருக்கும்போதே மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை என்று சேர்த்துக்கொண்டே போவதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் ஓர் உதாரணம், இன்னும் ஒரு நூற்றாண்டு முந்தின பிரயோகம் என்று அகராதி வளர்ந்தது. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்லதே. மறுக்க எவருக்கும் மனம் வராது. கணக்குப் பார்க்க வேண்டிய அச்சகத்தாரோ, வெப்ஸ்டர் அகராதியின் ஒரு பக்கத்துக்கு ஆறு பக்கத்துக்குமேல் போகலாகாது என்று ஓர் அளவுகோல் விதித்தார்கள். அது பலமுறை மீறப்பட்டு, 1896 வாக்கில் வேலையையே நிறுத்திவிடுவார்களோ என்ற அளவுக்கு மனஸ்தாபம் முற்றியது.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், என் அபிப்பிராயம் இரு தரப்புக்கும் சற்றுக் கசப்பானதாகவே இருக்கும். அச்சகத்தார் சொன்னபடியே நடந்திருந்தால், இன்று உலகம் போற்றும் கிரந்தம் பிறந்திராது. அவர்கள் இராவிட்டால் அது ஒருபோதும் முடிந்திராது. விரிவதில் குற்றமில்லை. ஆனால், இத்தனை பக்கம் கூடும், இத்தனை வருஷம் நீளும், இத்தனை பணம் பிடிக்கும் என்று கணக்கைப் பணம் கொடுப்பவர் முன்னிலையில் வைத்து, அவருடைய சம்மதத்தைப் பெற்று விரிவது ஒன்று; மேஜையருகே இருப்பவர் சீட்டுச் சீட்டாகச் சேர்த்துவிட்டு, பிறகு செய்தி சொல்லுவது வேறொன்று. திட்டத்தின் எல்லையை நிர்வகிப்பது என்று சொல்லப்படும் வித்தையில் பெரும்பகுதி முன்னதற்கு வழி வகுத்துக் கொடுப்பதுதான்.

நம் நாட்டிலும் இதே கதை நடந்தது. வின்ஸ்லோவின் பழைய அகராதியைத் திருத்தி விரிவாக்கும் எண்ணத்தில் முளைத்து, 1913இல் சாண்ட்லர் பாதிரியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய தமிழ் லெக்ஸிகன், ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று மதிப்பிடப்பட்டது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த காலத்தில், 1936இல்தான் ஆறாம் தொகுதி நிறைவேறியது. செலவு நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போதும் விடுபட்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுக்காக அச்சான தொகுதிகளைக் கலைக்காமல், 1939இல் அநுபந்தம் ஒன்றைத் தனியே வெளியிட்டார்கள்.

ஆக்ஸ்போர்டிலும் அதே உபாயம்தான் பயன்பட்டது. மர்ரே 1915இல் காலமானார். அகராதி 1928இல், நான்குக்குப் பதில் பத்துத் தொகுதிகளாக, 15,490 பக்கங்களில் முடிந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற அப்பெண்டிசைட்டிஸும், சீட்டு காணாமற்போனதால் தவறிய, அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லும் 1933ஆம் ஆண்டு அநுபந்தத்தில் இடம்பெற்றன.