'யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்': மாநில அரசின் வரி முடிவுகள் உங்கள் தெருக்கடையை எப்படித் தொடுகின்றன?

2025 ஜூலையில் பெங்களூருவில் இருந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். நேற்று வரை ஸ்கேன் பண்ணி பால் பாக்கெட் வாங்கிய கடையில் திடீரென்று க்யூஆர் அட்டையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்.'

காரணம், கர்நாடக வணிக வரித் துறை அனுப்பிய நோட்டீஸ்கள். யுபிஐ வழியாக வந்த பணத்தைக் கணக்குப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அவை போயின. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது நாடு முழுக்கச் செய்தியானது. ஜூலை 25-ம் தேதி கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்தார்கள்.

'ஜிஎஸ்டி டெல்லி விஷயமாச்சே, இதுல மாநில அரசு எங்கே வந்துச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கிருந்தே தொடங்குவோம்.

வரி விகிதத்தை மாநிலம் மாற்ற முடியுமா?

2017 ஜூலை 1-ம் தேதிக்கு முன்பு, முடியும். ஒவ்வொரு மாநிலமும் வாட் வரியைத் தானே ஏற்றலாம், இறக்கலாம். மாநில பட்ஜெட் அன்று எது விலை ஏறும், எது இறங்கும் என்று கடைக்காரர்கள் காத்திருப்பார்கள்.

ஜிஎஸ்டி வந்தபின் அந்த முடிவு ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. கவுன்சிலின் வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். நடைமுறையில், ஒரு மாநிலம் தனியாக நினைத்து சோப்புக்கான வரியை ஒரு சதவிகிதம்கூட மாற்ற முடியாது.

2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் மீதான வரி 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்ததும் கவுன்சில் முடிவுதான். நமக்கு நல்லது. ஆனால், மாநிலத்துக்குள் விற்கும் பொருளின் ஜிஎஸ்டியில் பாதி அந்த மாநிலத்துக்குரியது. வரி குறையும்போது அந்தப் பாதியும் குறைகிறது. வருவாய் குறைந்தால் ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டிருந்த ஐந்து ஆண்டுக் காலம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

பட்ஜெட்டில் திட்டங்களை அறிவிக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வரி விகிதமோ கையில் இல்லை. அப்போது மாநிலத்திடம் மிச்சம் இருப்பவை இரண்டு: விதித்த வரியை விடாமல் வசூலிப்பது, ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ள வரிகளைக் கூட்டுவது. இரண்டும் உங்கள் தெருக்கடை வரை வரும்.

முதல் வழி: வசூல்

பொருள் விற்கும் கடையின் ஆண்டு விற்றுமுதல், அதாவது டர்ன்ஓவர், 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவைகளுக்கு 20 லட்சம். ஹோட்டல், டீக்கடை இந்த இரண்டாவது வகையில் வரும். இந்த வரம்பில் மாநிலங்களுக்குத் தேர்வு இருந்தது. கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் பொருட்களுக்கு 40 லட்சம். தெலங்கானாவிலும் புதுச்சேரியிலும் 20 லட்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் தினமும் 12,000 ரூபாய்க்கு வியாபாரம். வருஷத்துக்கு 360 நாள் என்றால் 43.2 லட்சம். வரம்பைத் தாண்டியாச்சு. ஆனால் இதில் பாதி பால், பிரெட், முட்டை, காய்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வரி இல்லாத பொருட்களை மட்டுமே விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கூடவே சோப்பும் பிஸ்கட்டும் விற்றால், 40 லட்சத்தைக் கணக்கிடும்போது பால் விற்ற பணமும் சேரும். அந்தப் பணத்துக்கு வரி இல்லை என்றாலும், பதிவு வரம்புக்கு அது கணக்கு. ஒரு பால் பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்பது சில்லறைதான். சட்டம் பார்ப்பது லாபத்தை அல்ல, விற்றுமுதலை.

இந்தக் கடைக்காரர் முன்கூட்டியே பதிவு செய்து, 'காம்போசிஷன்' திட்டத்தில் சேர்ந்திருந்தால், வரிக்குரிய 21.6 லட்சத்துக்கு 1 சதவிகிதம், அதாவது வருஷத்துக்கு 21,600 ரூபாய் கட்டினால் போதும். 1.5 கோடி விற்றுமுதல் வரை பெரும்பாலான மாநிலங்களில் இதில் சேரலாம். சேராமல் விட்டு, பின்னால் மாட்டிக்கொண்டால் வழக்கமான விகிதம். எல்லாமே 18 சதவிகிதப் பொருட்கள் என்று வைத்தால் சுமார் 3.89 லட்சம். அதன் மேல் வட்டியும் அபராதமும். நான்கு வருஷக் கணக்கை ஒன்றாகக் கேட்டால் என்ன ஆகும்? நோட்டீஸ்களில் இருந்த தொகைகள் அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பல கடைகளில் க்யூஆர், கடைக்காரரின் சொந்த வங்கிக் கணக்கோடுதான் இணைந்திருக்கும். மச்சானிடம் வாங்கிய கைமாத்து, ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணம் எல்லாம் அதே கணக்கில் விழும். வரித் துறையின் பார்வையில் அத்தனையும் வரவுதான்.

கேஷுக்கு மாறினால் தப்பிக்கலாமா?

முடியாது. யுபிஐக்கு என்று தனி ஜிஎஸ்டி எதுவும் இல்லை. 40 லட்சம் என்பது ரொக்கத்தையும் சேர்த்துத்தான். யுபிஐ தடயம் விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

ஜூலை 23-ம் தேதி முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைச் சந்தித்தார். நோட்டீஸ் பெற்ற சிறு வியாபாரிகளிடம் பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் வரம்பைத் தாண்டுபவர்கள் இனி பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அறிவித்தார். கடையடைப்பு நின்றது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வழி: ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ள வரிகள்

பெட்ரோல், டீசல், மதுபானம் மூன்றும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. இவற்றுக்கான விற்பனை வரியை மாற்ற மாநிலம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கர்நாடகா டீசல் மீதான வரியை 2024 ஜூனில் 14.34-லிருந்து 18.44 சதவிகிதமாக உயர்த்தியது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 21.17 சதவிகிதம்.

உங்களிடம் டீசல் வண்டி இல்லாவிட்டாலும் இது உங்களுக்கும்தான். தக்காளி வருவது டீசல் லாரியில். ஜிஎஸ்டியில் முந்தைய கட்டத்தில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. டீசல் வரிக்கு அது இல்லை. லாரிக்காரர் கட்டியது வாடகையில் ஏறி, மண்டிக்குப் போய், கடைசியில் கடை விலையில் உட்காரும். தக்காளிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். ஆனாலும் மாநிலத்தின் வரி அதற்குள் இருக்கிறது.

உங்கள் சம்பளச் சீட்டில் வரும் தொழில் வரியும் மாநிலத்துடையதுதான். அரசியலமைப்புச் சட்டப்படி அதன் உச்சவரம்பு வருஷத்துக்கு 2,500 ரூபாய்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் அப்பாவோ அண்ணனோ கடை வைத்திருந்தால், இந்த வாரம் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். போன நிதியாண்டில் ரொக்கமும் யுபிஐயும் சேர்த்து விற்றுமுதல் எவ்வளவு? அதில் வரி இல்லாத பொருட்கள் எவ்வளவு? கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் விழுகிறதா? விற்றுமுதல் வரம்பை நெருங்குகிறது என்றால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் காம்போசிஷன் பற்றி ஒரு ஆடிட்டரிடம் பேசச் சொல்லுங்கள். கடைக்குத் தனி கணக்கும் தனி க்யூஆரும் எடுத்துக்கொடுப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை.

வாடிக்கையாளராக ஒன்று. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாத கடை உங்களிடம் 'ஜிஎஸ்டி' என்று தனியாக வாங்க முடியாது. காம்போசிஷன் கடையும் வாங்கக் கூடாது. அந்த 1 சதவிகிதம் அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது.

உங்கள் தெருக்கடை அண்ணன் அடுத்த முறை 'கேஷ் குடுங்க' என்றால், அவரிடமும் இந்த 40 லட்சம் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பயத்தில் க்யூஆரைக் கழற்றுவதைவிட அது அவருக்கு உதவும்.