நீருள் ஆழ்ந்த ஊரும் நூலில் எழாத கதையும்

பொல்பிட்டிய மின்நிலையத்தைக் காணச் சென்ற மாணவர் குழுவோடு அண்மையில் யானும் போயிருந்தேன். சுழலிகளை இயக்கும் நீர் மவுசாகலையிலிருந்து மலைகளைக் குடைந்து இறங்கி வருவதை விளக்கிக்கொண்டிருந்தேன். “ஐயா, அந்த நீரின் அடியில்தான் எங்கள் பாட்டனார் வாழ்ந்த ஊர் கிடக்கிறது” என்றாள் ஒரு மாணவி. என் பேச்சு நின்றுவிட்டது.

1960களின் இறுதியில் மவுசாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. வறட்சி மிகுந்து நீர் வற்றுங்கால் பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளிப்படும். மக்கள் திரண்டு காண்பர். மழை பெய்ததும் அவை மறையும்; நாமும் மறந்துவிடுவோம்.

வரலாற்று நாவல் என்றதும் நம்மவர் நெஞ்சில் அரண்மனையும் புரவியும் வாளுமே தோன்றுகின்றன. தொல்காப்பியர் முதற்பொருள் என வகுத்தவை நிலமும் பொழுதுமே அன்றோ? அவ்வாறாயின், மண்ணைப் பறிகொடுத்த மாந்தரின் கதையே நம் மரபுக்கு மிக நெருங்கிய வரலாற்றுப் புனைகதையாதல் வேண்டும்.

அத்தகைய கதைக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிச் சீமைக் குடியானவர் பலர் தம் சேனை நிலங்களையும் காடுகளையும் இழந்தனர். அம்மண்ணில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்க்கத் தமிழகத்திலிருந்து வறுமையாலும் பஞ்சத்தாலும் பெயர்ந்த நம் முன்னோர் கொணரப்பட்டனர். நம் துயரை எழுதப் புகுவோர் அச்சிங்களக் குடியானவரின் துயரையும் மறவாது எழுதுதல் அறமாகும்.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் வெளிவந்ததும் அதே 1964 இல்தான். நம்மவர் இம்மலைக்கு வந்த கதையை நூல் சொல்லிய ஆண்டிலேயே, அவர்களைத் திருப்பி அனுப்பும் ஏடு கையொப்பமாயிற்று.

அந்த எண்களுள் என் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. 1977 இல் அவர்கள் புறப்பட்டபோது நான் ஏழு வயதுச் சிறுவன். ஹட்டன் புகையிரத நிலையத்தில் எழுந்த அழுகை இன்றும் என் செவியில் உள்ளது. தலைமன்னாருக்குச் சென்ற அவ்வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நம்மவர் அழைத்ததன் பொருளை அன்றே அறிந்தேன். ‘தாயகம் திரும்புகின்றனர்’ என்றன அரசாங்க ஏடுகள். பெரியம்மாவோ அத்தாயகத்தை ஒருநாளும் கண்டவரல்லர். சுமக்க இயலாத தம் அம்மிக்கல்லை என் தாயாரிடம் ஒப்படைத்து, “திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்றார். அவர் வரவில்லை. அம்மி எங்கள் வீட்டில்தான் இருக்கின்றது.

1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கு எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. சட்டத்தின் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. அம்மியின் கணக்கைத் தீர்ப்பவர் யார்? உடன்படிக்கையில் அதற்கு இடமில்லை, கதையில் உண்டு. ஆண்டும் சட்டமும் அறிந்து, அவற்றினிடையே ஒரு தாய் எதைத் தூக்கினாள், எதை விட்டுச் சென்றாள் என்று சொல்லவல்லது புனைகதை ஒன்றே.

ஆசிரியப் பெருமக்களே, தீபாவளியைப் பற்றியும் பொங்கலைப் பற்றியும் ஆண்டுதோறும் கட்டுரை எழுதுவிக்கின்றோம். ஒருமுறையேனும், வீட்டு முதியோரிடம் கேட்டு அவர்தம் ஊர்க்கதையை எழுதி வருமாறு மாணவரைப் பணிப்போம். முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்களோடு மறையும் சொற்கள் எந்த வறட்சியிலும் வெளிப்படமாட்டா.

அந்த மாணவியிடம் அவள் பாட்டியாரைக் கேட்டு எழுதி வருமாறு சொன்னேன். அடுத்த கிழமை நான்கு பக்கங்கள் கொண்டுவந்தாள். சந்திப்பிழைகள் பல இருந்தன. திருத்தச் சிவப்பு மையை எடுத்தவன், முழுதும் படித்து முடிக்கும்வரை அதனைத் தொடவில்லை.