மர மச்சின்மேல் டைல்ஸ்

திருத்தணி மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆடிக் கிருத்திகைதான் வருஷத்தின் பெரிய வரும்படி. புஷ்பக் காவடியோடு வருகிற கூட்டத்துக்கு மாடி அறையை வாடகைக்கு விடலாம். டைல்ஸ் போட்ட அறை என்றால் கூடுதலாகவே கேட்கலாம். காங்கிரீட் மாடி என்றால் கவலையில்லை. தேக்கு உத்திரமும் பலகையுமாக நிற்கிற பழைய மச்சு வீடுகளில்தான் வினை.

பலகைமேல் இரண்டு அங்குலத்துக்கு சிமென்ட் கலவையைக் கொட்டி, குஜராத் மோர்பியிலிருந்து வந்த விட்ரிஃபைட் டைல்ஸை அதன்மேல் தட்டிவிடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் கலவை மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும். டைல்ஸ் கால் டன். இருபது பேர் இராப்பகலாக இறங்காமல் மேலேயே நிற்பதுபோல. வாடகைக்கு வருகிற கூட்டம் அதற்குமேல்தான் ஏறப்போகிறது. பக்கத்து ஆந்திரத்திலிருந்து வருகிறதே, மலிவுதானே என்று கடப்பா கல்லைப் பதித்தால் சுமை இன்னும் கூடும்.

சரி, உத்திரம் தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மரம் சும்மா இருக்காதே! ஐப்பசி மழையில் பலகை அகலவாட்டில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். திருத்தணி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆள் நடந்தால் வளையவும் செய்யும். டைலுக்கோ வளையத் தெரியாது. விட்ரிஃபைட் டைல் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது என்பதால் வெறும் சிமென்ட் பாலும் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. முதலில் இணைப்புக் கோடு விரியும். பிறகு காலடியில் ‘டொக் டொக்’.

நம் பழைய கொத்தனார்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். அதற்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ். மரச்சட்டங்களின்மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. மரம் கொஞ்சம் அசைந்தால் சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை விரிசலைத் தானே மூடியும் கொள்ளும். எடை அதிகம்தான், ஆனால் அந்த எடைக்கென்றே சட்டம் போட்டார்கள். சேப்பாக்கம் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை புதுப்பித்தபோதும் இந்தச் சுண்ணாம்பு வேலைக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

வெறும் பலகைத் தரையில் இன்று டைல்ஸ் வேண்டுமென்றால், வேலையைக் கீழ் அறையிலிருந்து தொடங்க வேண்டும். உத்திரமும் சட்டமும் சுவருக்குள் புகுகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் முனை பொசுக்கென்று உள்ளே போகும். அங்கே ஆச்சாரிக்குத்தான் வேலை, டைல்ஸ்காரருக்கு இல்லை. மேலே அறை நடுவில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தளும்பினால் கீழே இடைச் சட்டம் கொடுத்து இறுக்கியாக வேண்டும். அமெரிக்க டைல்ஸ் வேலையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: சட்டத்தின் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்குமேல் வளையக் கூடாது, கல் பதித்தால் 720-ல் ஒரு பங்கு. பன்னிரண்டடிச் சட்டத்துக்கு 10 மில்லிமீட்டர், கல்லுக்கு வெறும் 5.

பிறகு ஆடுகிற பலகையையெல்லாம் ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். ஆணி வேண்டாம், நாளாவட்டத்தில் கழன்று கிரீச்சிடும். மேலே 12 மில்லிமீட்டருக்குக் குறையாத வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டைப் பலகைக்குக் குறுக்காகப் போட்டு, சாணுக்கு ஒரு ஸ்க்ரூ. ஷீட்டுக்கு ஷீட் 3 மில்லிமீட்டர் இடைவெளி, சுவரோரம் அதைப்போல இரண்டு மடங்கு. மேஸ்திரிகள் அடம்பிடித்து அடைத்துவிடுகிற இடம் இந்தச் சுவரோர இடைவெளிதான். அதில் சிமென்ட் போகக் கூடாது. மரம் உப்புவதற்கு விட்ட இடம் அது, ஸ்கர்ட்டிங் வந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஒட்டுவதற்கு பாலிமர் கலந்த, வளைந்துகொடுக்கிற டைல்ஸ் பசை. பையில் எஸ்1 அல்லது எஸ்2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்படிச் செய்தால் அதே அறைக்கு மொத்தச் சுமை 400 கிலோவுக்குள் அடங்கும்.

தரை ஓர் அங்குலம் உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டிவரும், மாடிப்படியின் கடைசிப் படி மற்ற படிகளைவிட உயரமாகிவிடும். இருட்டில் ஏறுகிற வெளியூர்க்காரர் அதில்தான் தடுக்குவார். டைல்ஸ் வாங்கும் முன்பே அந்தப் படிக்கு வழி செய்துவிடுங்கள். மர மச்சில் குளியலறை மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தப் பசையானாலும் சரி, அதைக் கீழ்த்தளத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள்.