டிட் வந்தால் வென்ட் வராது!

இந்தத் தடவை நான் எழுதுவது ஆங்கில டென்ஸ் பற்றி. பெயரைக் கேட்டாலே டென்ஷன் வருதா? பயப்படாதீங்க. பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லார் நோட்டிலும் இருக்கு, பாதிப் பேருக்கு மனப்பாடமாகவும் இருக்கு. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசும்போதுதான் அது உதவிக்கு வர மாட்டேங்குது.

எனக்கு உதவியது தமிழ் ஐயா நடத்திய பகுபத உறுப்பிலக்கணம். சிரிக்காதீங்க, உண்மைதான். 'செய்தான்' என்பதைப் பிரித்தால் செய் + த் + ஆன். நடுவில் இருக்கிற 'த்' தான் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் இடைநிலை. 'செய்கிறான்' என்றால் கிறு, 'செய்வான்' என்றால் வ். கடைசியில் வரும் 'ஆன்' யார் செய்தது என்று காட்டும்.

ஆங்கிலத்தில் 'வாக்ட்', 'பிளேய்ட்' என்பதில் கடைசியில் ஒட்டும் 'ஈடி' நம்ம 'த்' மாதிரி. ஆனால் 'ஆன்', 'ஆள்' மாதிரி விகுதி அங்கே கிடையாது. அதனால்தான் ஐ, யூ, ஹி என்று முன்னாடி சொல்லியே ஆகணும். ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் நிகழ்காலத்தில் ஒரு 'எஸ்' ஒட்டும். எதிர்காலத்துக்கு வினைச்சொல்லில் ஒட்டுவதற்கு அவங்ககிட்ட ஒன்றுமே இல்லை, 'வில்' என்று தனிச்சொல்லை முன்னால் வைத்துச் சமாளிக்கிறாங்க. 'கோ' எப்படி 'வென்ட்' ஆச்சு என்று கேட்கிறீர்களா? 'வென்ட்' முன்காலத்தில் வேறொரு வினைச்சொல்லின் இறந்தகாலம். 'கோ' அதை இரவல் வாங்கியது, இன்னும் திருப்பித் தரவில்லை!

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 'நேற்று நான் போகவில்லை' என்பதற்கு நம்ம வகுப்பில் நிறைய பேர் 'ஐ டிட் நாட் வென்ட்' என்கிறார்கள். நேற்று நடந்தது, அதனால் 'வென்ட்' என்று நினைக்கிறார்கள். சரி, தமிழில் எப்படிச் சொல்றோம்? 'போனேன்' என்று சொல்கிற நாம் 'போனவில்லை' என்று சொல்வோமா? அங்கன்வாடிப் பாப்பாகூடச் சொல்லாது. 'போகவில்லை' என்றுதான் சொல்வோம். 'இல்லை' வந்ததும் இறந்தகால இடைநிலை ஓடிப்போச்சு, பாருங்க. ஆங்கிலத்திலும் 'நாட்' போடணும் என்றால் 'டிட்' வருது. அது காலத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். 'கோ' சும்மா கைவீசி நடக்கும். ஒரு சுமைக்கு ஒரு ஆள் போதும். அதனால் 'ஐ டிட் நாட் கோ'. கேள்விக்கும் இதேதான், 'டிட் யூ கோ?'

'எஸ்' கதையும் இதுவே. 'ஹி கோஸ்' சரி. கேள்வி கேட்டால் அந்த 'எஸ்' முன்னால் வரும் 'டஸ்'ஸுக்குள் போய்விடும். அதனால் 'டஸ் ஹி கோ?' தான் சரி. 'டஸ் ஹி கோஸ்?' என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தண்ணிக்குடத்தைத் தூக்கின மாதிரி.

ஆனால் தமிழை நம்பி ஏமாறுகிற இடமும் ஒன்று இருக்கு. 'அப்பா தினமும் வயலுக்குப் போவார்' என்கிறோம். 'போவார்' எதிர்கால வடிவம்தானே, அதனால் 'மை ஃபாதர் வில் கோ' என்று எழுதுகிறோம். தமிழில் வழக்கமாக நடப்பதையும் எதிர்கால வடிவத்தில் சொல்லலாம். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு சாதாரண நிகழ்காலம். 'மை ஃபாதர் கோஸ் டு தி ஃபீல்ட் டெய்லி' என்று எழுதணும். 'தினமும்' என்ற சொல்லைப் பார்த்தால் 'வில்' பக்கம் போகாதீங்க.

இதெல்லாம் மார்க்குக்கு மட்டும் இல்லை. எங்க பெரியம்மா மகள் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். பிறகு வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதினாள். அதில் பழைய கம்பெனி பெயரைப் போட்டு 'ஐ ஆம் ஒர்க்கிங் டூ இயர்ஸ்' என்று எழுதியிருந்தாள். படித்தவர், "இன்னும் அங்கேதான் இருக்கியாம்மா? அப்போ அங்க விட்டதுக்கு லெட்டர் வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நின்று எட்டு மாசம் ஆச்சு என்று சொல்ல அக்காவுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. பஸ் செலவும் போச்சு, அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுத்துவிட்டார்கள்.

அவள் எழுதியிருக்க வேண்டியது 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்'. வேலை பார்த்தேன், முடிந்தது. இன்னும் அங்கேயே இருந்தால் 'ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்'. இடையில் ஒரு 'ஹேவ்' தான் வித்தியாசம். அந்த 'ஹேவ்' வந்தால் நடந்த விஷயத்துக்கும் இப்போதைக்கும் தொடர்பு இருக்கு என்று அர்த்தம்.

இதுக்கும் நம்ம வீட்டிலேயே உதாரணம் இருக்கு. அம்மா "சாப்டாச்சா?" என்று கேட்பது நம் வயிறு இப்போ நிறைந்திருக்கா, குண்டானைக் கழுவலாமா என்று தெரிந்துகொள்ள. அதுதான் 'ஹேவ் யூ ஈட்டன்?' ஆனால் "நேத்து எத்தனை மணிக்குச் சாப்டே?" என்றுதான் கேட்பாங்க, "நேத்து எத்தனை மணிக்குச் சாப்டாச்சு?" என்று கேட்க மாட்டாங்க. அதே மாதிரி 'யெஸ்டர்டே' இருக்கிற வாக்கியத்தில் 'ஐ ஹேவ் சீன்' வராது, 'ஐ சா' தான் வரும்.

இடம் முடியப்போகுது. கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. நேற்று காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை. இன்று நன்றாக ஆகி, மைதானத்தில் ஓடி விளையாடிவிட்டு, டீச்சரிடம் லீவ் லெட்டர் கொடுக்கிறோம். அதில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று இருக்கு. டீச்சர் ஏன் சிரிக்கிறாங்க? சரியான வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்க. அடுத்த இதழில் பெயர் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி