குட்டி கன்னைக் குளிப்பாட்டுங்க பாஸ்!

ஓசூர் பசங்களுக்கு பெயின்ட் வாசனை புதுசா என்ன? 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் உருண்டு வந்த ஊராச்சே! அதனாலோ என்னவோ, பைக் டேங்கில் நெருப்பு வரையணும், ஹெல்மெட்டில் புலி முகம் வேணும்னு கிளம்புகிற கை இங்கே அதிகம். நீங்களும் பாக்கெட் மணியைச் சேர்த்து ஏர்பிரஷ் வாங்கியாச்சா? சபாஷ்! இப்போ ஒரு கேள்வி. நேற்று வேலை முடிஞ்சதும் அதைக் கழுவினீங்களா?

'காலையில பாத்துக்கலாம்'னு தூங்கப் போன ராத்திரியில்தான் முக்கால்வாசி ஏர்பிரஷ் செத்துப் போகுது. கார் அடிக்கிற ஸ்பிரே கன்னுக்கு நாஸில் துளை சுமார் 1.3, 1.4 மில்லிமீட்டர். உங்க குட்டி கன்னுக்கோ 0.2-லிருந்து 0.5 வரைதான். அண்ணன் தாங்குற அழுக்கைத் தம்பி தாங்க மாட்டான்.

கலர் மாத்தும்போது கப்பில் மிச்சமிருக்கிறதைக் கொட்டி, டிஷ்யூவால் துடைச்சு, கிளீனர் விட்டு, தெளிவா வரும் வரை அடிச்சிடுங்க. முனையைத் துணியால் லேசா மூடி, குறைஞ்ச பிரஷரில் காற்று விட்டால் கப்பில் குமிழி வரும். ஒளிஞ்சிருக்கிற பெயின்ட் அப்போ கிளம்பும். மூடாமலே குமிழி வருதா? நாஸில் அடைச்சிருக்கு, இல்லேன்னா சரியா உட்காரலை.

எது கிளீனர் என்பதில்தான் பலர் கோட்டை விடுறாங்க. தண்ணியில் கரைகிற அக்ரிலிக் அடிச்ச கன்னில் நேரா கடைத் தின்னரை ஊத்தினால், பெயின்ட் திரிஞ்சு கோந்து மாதிரி ஒட்டிக்கும். முதல்ல தண்ணி, அப்புறம் அந்த பெயின்ட்டுக்கான கிளீனர். எனாமல், லாக்கருக்கு மட்டும் தின்னர். அதுக்காக முழு கன்னையும் தின்னரில் ஊறப் போட்டுடாதீங்க, உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் உப்பிடும்.

கழுவின பிறகே நீடிலைப் பின்பக்கமா உருவுங்க. பெயின்ட்டோடு இழுத்தால் அது பின்னாடி போய் ட்ரிகரையே இறுக்கிடும். ஈர டிஷ்யூவில் நீடிலை உருட்டி, முனைப் பக்கமா துடைங்க. நகத்தில் மெதுவா இழுத்துப் பார்த்து, கொக்கி மாதிரி மாட்டினால் முனை வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். நாஸிலுக்குள் ஊசி, குண்டூசி... ம்ஹூம்! திரும்ப மாட்டும்போது ஸ்பேனரில் பலத்தைக் காட்டினால் மெல்லிசான மரை ஒடிஞ்சே போயிடும்.

மழைக்கால ஓசூரில் இன்னொரு தொல்லை. ஈரக் காற்றைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது தண்ணி பிரியும். அது அடிக்கிற படத்தில் பொட்டுப் பொட்டா விழும். குழாயில் வாட்டர் டிராப் மாட்டி, டேங்க் இருந்தால் அடியில் தேங்கின தண்ணியைத் திறந்து விட்டுடுங்க.

கன் கெட்டால் வேற வாங்கலாம், நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது! ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திட்டு தின்னர் அடிக்காதீங்க. ஹார்டனர் கலக்கிற கார் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமாவை வரவழைக்கிற சரக்கு அது. முகத்தில் கட்டின கர்ச்சீப் அதன்கிட்டே ஒரு ஜோக். அதை உரிய பூத்தும் காற்று இணைப்பு மாஸ்க்கும் உள்ள ஷாப்புக்கு விட்டுடுங்க.

கடைசியா, கழுவின தின்னரை வாஷ்பேசினில் கொட்டாம, மூடி போட்ட டப்பாவில் பிடிச்சு வைங்க. ரெண்டு நாளில் கசடு அடியில் தங்கிடும். மேலே தெளிஞ்சதை அடுத்த தடவை முதல் கழுவலுக்கு ஊத்திக்கலாம்.