ஆய்வு உறவுகளுக்கும் ஓர் ஆண்டுக்கணக்கு வேண்டும்

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த ராஜாஜி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார். எங்கள் எல்லைப் பகுதியில் உயர்கல்வி என்றால், அன்றும் இன்றும் ஒரு கண் பெங்களூரிலும் மறு கண் சென்னையிலும் இருக்கும். அறிவியல் ஆய்வும் இந்த இரு நகரங்களுக்கிடையே நெடுங்காலமாகப் போய்வந்திருக்கிறது. அந்தப் போக்குவரத்தைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. அதுதான் கூட்டாசிரியர் வலைப்பின்னல் வரைபடம்.

இதன் அடிப்படை எளிது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. இருவர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினால், அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு. சேர்ந்து எழுதிய கட்டுரைகள் பெருகப் பெருகக் கோடு தடிக்கும். இயற்பியலாளர் மார்க் நியூமன் 2001-இல் பெரும் தரவுத் தொகுப்புகளைக் கொண்டு இத்தகைய வலைப்பின்னல்களை ஆராய்ந்தார். எந்த இரு அறிவியலாளர்களும் பெரும்பாலும் ஐந்தாறு கோடுகளைக் கடந்து ஒருவரையொருவர் எட்டிவிடலாம் என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டே பராபாசி குழுவினர், இந்த வலை காலப்போக்கில் எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்தனர். ஏற்கெனவே பலருடன் இணைந்திருப்பவரையே புதியவர்களும் நாடிச் செல்கிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று.

காலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஜி.என். ராமச்சந்திரனின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் மாணவராக இருந்த அவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்மொழிந்தார். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் எழுதிய கட்டுரை, 'ராமச்சந்திரன் வரைபடம்' என இன்றும் உலகெங்கும் புரத ஆய்வில் பயன்படுகிறது. 1970-களின் தொடக்கத்தில் அவர் பெங்களூரு திரும்பி, மூலக்கூறு உயிரி இயற்பியல் பிரிவை உருவாக்கினார். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பின்னர் அங்கேயே பணியாற்றினர்.

இவை அனைத்தையும் ஒரே படத்தில் வரைந்தால், நடுவில் ஒரு பெரிய புள்ளியும் சுற்றிலும் கோடுகளும்தான் தெரியும். யார் எப்போது வந்தார், எந்த உறவு எப்போது முடிந்தது என்பது தெரியாது. ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து வரைந்தால்தான், சென்னையில் முளைத்த ஒரு கொத்து பெங்களூரில் வேரூன்றுவது புலப்படும். பழைய கோடுகளை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவது ஒரு முறை. குறிப்பிட்ட காலத்துக்கு உரியவற்றை மட்டும் காட்டுவது மற்றொரு முறை. முதலாவது மரபைக் காட்டும். இரண்டாவது அன்றைய உயிர்ப்பைக் காட்டும். எம்முறையாயினும், ஒவ்வொரு படத்திலும் ஒருவரின் புள்ளி ஏறத்தாழ அதே இடத்தில் இருக்க வேண்டும். கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கினால், இடம் மாறியவர் யார், உறவு மாறியவர் யார் என்று பார்ப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

தமிழ்ப் பெயர்கள் இங்கே ஒரு தனிச் சிக்கல். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்துடன் எழுதும் வழக்கம் நம்முடையது. 1960-களின் தொடக்கத்தில் சென்னையில் சி. ராமகிருஷ்ணனும் இருந்தார், 1962-இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணனும் இருந்தார். கவனமற்ற கணினி நிரல் இருவரையும் ஒரே புள்ளியாக்கிவிடும். தலைப்பெழுத்தை விரித்தும் சுருக்கியும் எழுதும் ஒருவரை அதுவே இருவராக்கும். 2012-இல் வந்த 'ஆர்கிட்' எனும் 16 இலக்க அடையாள எண் இதற்கான தீர்வுகளுள் ஒன்று. நம் ஆய்வு மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுவிடுவது நல்லது.

கோடுகளின் எடையிலும் எச்சரிக்கை தேவை. ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அந்த ஒரே கட்டுரை 1 கோடியே 32 லட்சத்துக்கும் அதிகமான கோடுகளை உருவாக்கும். ஆசிரியர் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு கோட்டின் எடையையும் குறைத்தால்தான், இருவர் அருகமர்ந்து செய்த ஆய்வின் மதிப்பு மறையாமல் இருக்கும்.

படத்தில் வராத உறவுகளும் உண்டு. கொலாஜன் பக்கம் ராமச்சந்திரனின் கவனத்தைத் திருப்பியது, சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னாலுடன் நடந்த உரையாடல். ஆய்வுக்கான மாதிரி, அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ இரண்டே பெயர்கள்.

இதன் மறுபக்கம்தான் இன்று கவலை தருவது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில் ஆய்வு வெளியீடுகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளின் எண்ணிக்கை பேசுகிறது. உழைக்காதவர் பெயர் கட்டுரையில் ஏறுவதும், இரவு பகலாகச் சோதனை செய்த மாணவரின் பெயர் பின்னுக்குப் போவதும் இந்த எண்ணிக்கை மோகத்தின் விளைவுகளே. வெறும் எண்ணிக்கையில் இது தெரியாது. முன்பு எந்தத் தொடர்பும் இல்லாத பல நாட்டினருடன் ஒருவருக்கு ஒரே ஆண்டில் திடீரெனக் கோடுகள் முளைத்து, மறு ஆண்டே மறைந்தால், ஆண்டுவாரிப் படம் அதைக் காட்டிவிடும். அது குற்றத்துக்குச் சான்றாகாது; கேள்வி கேட்பதற்கான காரணம் மட்டுமே.

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தங்கள் ஆண்டறிக்கையில் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு இத்தகைய படத்தையும் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. ஒசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். எங்கள் பகுதிக் கல்லூரிகளிலிருந்து அங்குள்ள ஆய்வுக் கூடங்களுக்கு எத்தனை கோடுகள் நீள்கின்றன, அவற்றில் எத்தனை ஐந்து ஆண்டுகள் நீடிக்கின்றன என்பதை அறிந்தால், ஆய்வு நிதியை எங்கே செலவிடுவது என்பதும் தெளிவாகும்.