லோடு ஓடும்போது பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிவிட்டு, பேனல் போர்டைத் திறந்து, புளோயரால் தூசியை ஊதி, நட்டுகளை ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கி மூடுவார்கள். மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை என்றில்லை, நம் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மின் பராமரிப்பு என்றால் இதுதான். அதில் தவறில்லை, கரண்ட் இல்லாதபோதுதான் கை வைக்க முடியும். ஆனால் எந்த இணைப்பு கெட்டிருக்கிறது என்பது கரண்ட் ஓடும்போதுதான் தெரியும். மெயினை இறக்கிவிட்டால் சற்று நேரத்தில், கேபிள் முனையை போல்ட்டில் பிடிக்கும் எல்லா லக்கும் ஆறி ஒரே சூட்டுக்கு வந்துவிடும். நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நாம் தேடுகிற நேரத்தில் நோய் ஒளிந்துகொள்கிறது.

தெர்மல் கேமரா இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தொடாமல், நிறுத்தாமல், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எந்த இணைப்பு சூடாகிறது என்று அது காட்டிவிடும்.

ஒரே ஒரு லக்கை எடுத்துக்கொள்வோம். 100 ஆம்பியர் ஓடும் கேபிள், பேனலுக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரோடு சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்து, அங்கே மின்தடை 10 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வைப்போம். அந்த இடத்தில் குறையும் அழுத்தம் வெறும் 1 வோல்ட். 230 வோல்ட்டில் 1 குறைந்தால் எந்த மோட்டாரும் திணறாது, எந்த மீட்டரும் காட்டிக்கொடுக்காது. ஆனால் கட்டைவிரல் அகலமுள்ள அந்த இடத்தில் 100 வாட் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி நான்கைச் சேர்த்துக் கட்டி, ஷிப்ட் முழுக்க ஒரே போல்ட்டில் அழுத்தி வைத்தது போல.

இதற்கு எம்.சி.பி. விழாதா என்று கேட்கலாம். விழாது. அளவுக்கு மீறிக் கரண்ட் போனால்தான் அது விழும். இங்கே போவது அதே 100 ஆம்பியர்தான். இ.எல்.சி.பி.யும் உதவாது, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால்தான் அதற்கு வேலை. நாம் நம்பியிருக்கும் இரண்டு காவலுக்கும் தெரியாமல் லூஸ் கான்டாக்ட் வளர்கிறது. சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை தாங்கும் வரம்பு 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டிய சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் உறை விறைக்கும், வெடிக்கும், கடைசியில் செம்பு வெளியே வரும். பிறகு நடப்பது நிஜமான ஷார்ட் சர்க்யூட். மறுநாள் செய்தியில் வருவது அது மட்டும்தான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் சூடாகிக்கொண்டிருந்த போல்ட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கப்பலூர் மாதிரி இடத்தில் இணைப்பு தளர்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இயந்திரங்களின் அதிர்வு பேனல் வரைக்கும் வருகிறது. பகலில் சூடாகி விரிந்து, இரவில் ஆறிச் சுருங்கும் உலோகம் தானாகவே பிடியை விடும். செலவைக் குறைக்க அலுமினிய கேபிளைப் போட்டுவிட்டு, அதைச் செம்பு பஸ்பாரில் சாதாரண லக்கால் இணைத்தால் இன்னும் மோசம். இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அரிப்பு வரும், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும், தடை கூடும். அதற்கென்றே பைமெட்டாலிக் லக் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் போடுபவர்கள் குறைவு. போதாததற்குப் பஞ்சு. கருமுத்து தியாகராஜன் செட்டியார் நிறுவிய தியாகராஜர் ஆலை இருக்கும் ஊர் இது. மதுரையைச் சுற்றி நூற்பாலைகளுக்குக் குறைவில்லை. பேனலுக்குள் படியும் பஞ்சுத் தூசி சூட்டை வெளியே விடாது. தீப்பொறி விழுந்தால் முதலில் பற்றுவதும் அதுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பேனலுக்குள் காற்றே 45 டிகிரியை நெருங்கிவிடும். வீட்டு எம்.சி.பி.கள் 30 டிகிரியை வைத்துத்தான் அளவு குறிக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சூட்டைக் கேமரா எப்படிப் பார்க்கிறது? சூடான பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசிக்கொண்டிருக்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் பாதரசம் ஏறியது. இன்றைய கேமராக்கள் அந்த அகச்சிவப்பில் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான பகுதியைப் படிக்கின்றன. 1965-இல் சுவீடனின் ஆகா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கருவியே மின் பாதைகளைச் சோதிக்கத்தான். அதற்கு முன்பு கண்ணையும் மூக்கையும் நம்பினார்கள். "அண்ணே, கருகுற வாடை அடிக்குது" என்று பையன் ஓடி வருவதுதான் பல பட்டறைகளில் இன்றைக்கும் முதல் எச்சரிக்கை. இருட்டில் உலோகம் சிவந்து தெரிய 500 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கேமராவைப் பிடித்ததும் திரையில் சிவப்பைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. நிறம் கருவி போட்டுக்கொள்வது. பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. ஆர், ஒய், பி மூன்று பேஸிலும் ஏறக்குறைய ஒரே லோடு ஓடும்போது, இரண்டு லக் 48 டிகிரியும் ஒன்று 70 டிகிரியும் காட்டினால் மூன்றாவதில் கோளாறு. அமெரிக்க மின் சோதனையாளர்களின் அமைப்பான நெட்டா இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரே மாதிரியான இரண்டு பாகங்களுக்கு நடுவே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். மூன்று பேஸும் சமமாகச் சூடாக இருந்தால் அது லூஸ் அல்ல, ஓவர் லோடு. அதற்கு வைத்தியம் வேறு. குளிர்ந்து கிடப்பதும் செய்திதான். பவர் ஃபேக்டருக்காக வைத்த கெப்பாசிட்டர் வரிசையில் எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் அறைச் சூட்டில் இருந்தால் அதன் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது அதுவே செத்திருக்கலாம். மாதக் கடைசியில் மின்கட்டணம் சொல்லும் முன்னால் கேமரா சொல்லிவிடும்.

ஏமாறவும் நிறைய இடம் இருக்கிறது. பளபளப்பான செம்பு பஸ்பார் தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும். எதிரே நிற்பவரின் உடம்புச் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். 90 டிகிரியில் கொதித்தாலும் திரையில் சாதுவாகத் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் பஸ்பாரை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள ஒயர் உறையையோ, மெயின் இறங்கியிருந்தபோதே ஒட்டிவைத்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பையோ பார்ப்பார்கள். அக்ரிலிக் மூடிக்குள் கேமரா பார்க்காது, கண்ணாடிக்குள்ளும் பார்க்காது. சுவருக்குள் ஓடும் ஒயரைப் படம்பிடித்துக் காட்டும் என்று நம்புவது சினிமா பார்த்து வந்த நம்பிக்கை; மேற்பரப்பின் சூடு மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் உள்ளே பார்க்க மூடியைத் திறந்தாக வேண்டும். உயிரோடு இருக்கும் பேனலைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளர், உரிய பாதுகாப்பு உடையோடு, துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. இதில் சமரசமே கூடாது.

லோடு விஷயத்திலும் அப்படித்தான். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. நம் லக்கில் 100-க்குப் பதில் 40 ஆம்பியர் ஓடினால் 100 வாட் 16 வாட்டாகச் சுருங்கிவிடும். 40 சதவீத லோடாவது இருக்கும்போது சோதிக்கச் சொல்வது இதனால்தான். உச்சநேரக் கட்டணத்துக்குப் பயந்து பாதி இயந்திரங்களை நிறுத்தி வைத்திருக்கும் வேளையில் கேமராவோடு வந்து, "எல்லாம் நார்மல் சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் அறிக்கை வெறும் காகிதம்.

இது தொழிற்சாலைக்காரர்களின் கவலை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 தீபாவளியன்று மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஒரு ஜவுளிக்கடை எரிந்தது. பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர்கள் கிருஷ்ணமூர்த்தி, சிவராஜன் இருவரும் உயிரிழந்தார்கள். அந்தத் தீ எதில் தொடங்கியிருந்தாலும், மாசி வீதிகளின் கடைகளை இன்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. தாத்தா காலத்து ஒயரிங்கில் பேரன் ஏ.சி. மாட்டியிருக்கிறார், மெயின் போர்டைத் துணி மூட்டை மறைத்திருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு எல்லா விளக்கும் எரியும் ஒரு மாலையில் கேமராவோடு ஒரு தெருவை நடந்து வந்தாலே எத்தனையோ சூடான சுவிட்சுகள் அகப்படும்.

அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 70பி என்ற மின் பராமரிப்பு நெறி 2023-இல் பரிந்துரை நிலையிலிருந்து தரநிலையாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அகச்சிவப்புச் சோதனை வேண்டும் என்கிறது அது. நமக்கு அந்தக் கணக்கைவிட வெயில்தான் நல்ல நாள்காட்டி: மாசி, பங்குனிக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நல்ல கேமரா லட்சங்களில் விற்கிறது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை தனியாக வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். தொழிற்பேட்டைச் சங்கம் ஒன்று வாங்கி, பயிற்சி பெற்ற ஓர் ஆளையும் வைத்து, யூனிட் யூனிட்டாகச் சுற்றிவரச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் கறாராகக் கேட்டு வாங்க வேண்டும். சூடான லக்கைக் கண்டுபிடித்து, மெயினை இறக்கி, கழற்றிச் சுத்தம் செய்து, புது லக் கிரிம்ப் செய்து, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கிய பிறகு, அதே லோடில் அதே இடத்தை மறுபடியும் படம் எடுக்க வேண்டும். பல அறிக்கைகள் முதல் படத்தோடு கோப்புக்குப் போய்விடுகின்றன. இரண்டாவது படம் வராமல் பில்லைத் தீர்க்காதீர்கள்.